அம்மாவின் மொய் நோட்டுக்கு ஒரு செயலி

ஆடி பிறந்துவிட்டால் பேராவூரணி, கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கமெல்லாம் மொய் விருந்து களைகட்டும். பந்தலுக்குள் கறிச்சோறு, வாசலில் மேசை போட்டு மொய் எழுதுகிறவர்கள். இன்று ஒருவர் நமக்குச் செய்ததை, நாளை அவர் விருந்து வைக்கும்போது நாம் திருப்பிச் செய்ய வேண்டும். வாங்கியதை மட்டும் திருப்பிக் கொடுத்தால் கணக்கு முடிந்தது என்று பொருள். உறவு தொடர வேண்டுமானால் மேலே கொஞ்சம் சேர்த்து வைக்க வேண்டும். அதனால் அந்த ஊர்களில் மொய் நோட்டை நிலப் பத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டுவார்கள்.

எங்கள் வீட்டு பீரோவில் அப்படி 4 நோட்டுகள் இருக்கின்றன. பத்திரிகை ஏதாவது வந்தால் அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். “கீரமங்கலத்து மாமா நமக்கு என்ன செஞ்சிருக்காகன்னு பாருப்பா” என்பார். பார்ப்பது லேசான வேலையில்லை. ஒரே மனிதர் ஒரு நோட்டில் இனிஷியலோடு இருப்பார், இன்னொன்றில் ஊர்ப் பெயரோடு இருப்பார், மூன்றாவதில் ‘டீக்கடை’ என்ற ஒற்றை அடையாளத்தோடு இருப்பார். நான்கையும் புரட்டி முடிக்க ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

விருந்து நாளில் மொய் எழுதி ரசீது அடித்துத் தரும் மென்பொருள்கள் ஏற்கெனவே புழக்கத்தில் உண்டு. ஆனால் எங்கள் 4 பழைய நோட்டையும் ஒன்றாக்கி, இன்னாருக்கு இவ்வளவு என்று சொல்லும் மென்பொருள் உலகத்தில் எங்கள் ஒரு வீட்டுக்குத்தான் வேண்டும். ஒரு வீட்டுக்காக எந்த நிறுவனம் நிரல் எழுதும்?

கல்லூரியில் ஒரு பருவம் ‘சி’ மொழி படித்துத் தேறியதோடு எனக்கும் நிரலாக்கத்துக்குமான உறவு முடிந்திருந்தது. இருந்தாலும் ஒரு ஞாயிறு மதியம், நிரல் எழுதித் தரும் ஏஐ கருவி ஒன்றிடம் தமிழிலேயே எழுதிக் கேட்டேன். மொய் வரவு, மொய் செலவு, பெயர், ஊர், தேதி எல்லாம் பதிய வேண்டும்; பெயரைத் தேடினால் கணக்கு வர வேண்டும். அவ்வளவுதான் கேட்டது. 10 நிமிடத்துக்குள் ஒரு கோப்பு வந்தது. டபுள் கிளிக் செய்ததும் உலாவியில் திறந்தது. எழுதக் கட்டங்கள், கீழே பட்டியல், மேலே தேடல் பெட்டி. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “நல்லாத்தான் இருக்கு. கணக்கு சரியா வருமா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு 3 வாரம் ஆனது.

இயந்திரத்தோடு பேசும் பழைய ஆசை

கணினிக்கு மனித மொழியில் கட்டளையிட வேண்டும் என்ற ஆசைக்குக் கணினியின் வயதுதான் இருக்கும். அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த கணித அறிஞர் கிரேஸ் ஹாப்பர் 1952-இல் ‘ஏ-0’ என்ற தொகுப்பியை உருவாக்கினார். எண்களாகவே கட்டளை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், எழுதும் வேலையில் ஒரு பகுதியை இயந்திரத்திடமே தள்ளிவிட்ட முயற்சி அது. அடுத்து அவர் ஆங்கிலச் சொற்களைக் கொண்டே கட்டளை எழுதும் முறைக்குப் போனார். 1959-இல் வடிவம் பெற்ற கோபால் மொழிக்கு அது அடித்தளமானது. 1957-இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பாக்கஸ் குழு வெளியிட்ட ஃபோர்ட்ரான், கணிதச் சூத்திரத்தைக் கிட்டத்தட்ட அதே வடிவில் எழுத வழிசெய்தது.

நிரலாளர் அல்லாதவர்களுக்குக் கதவு திறந்தது 1979-இல். ஹார்வர்டில் வணிகம் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், நண்பர் பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து ‘விசிகால்க்’ என்ற கட்டக் கணக்கு மென்பொருளை உருவாக்கினார். இன்றைய எக்செலின் பாட்டன் அது. ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் மற்ற கட்டங்கள் தாமாக மாறும். அதில் சூத்திரம் எழுதிய கணக்குப்பிள்ளைகள் தாங்கள் நிரல் எழுதுகிறோம் என்று நினைக்கவே இல்லை.

இன்றைய மாற்றத்தின் வேர் 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘டிரான்ஸ்ஃபார்மர்’ என்ற நரம்பு வலைப்பின்னல் வடிவமைப்பில் இருக்கிறது. 2021 ஜூனில் நிரலாளர்களுக்கு அடுத்த வரியைப் பரிந்துரைக்கும் ‘கிட்ஹப் கோபைலட்’ முன்னோட்டமாக வந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. 2025-இல் ‘கிளாட் கோட்’ போன்ற கருவிகள், கோப்புகளைத் தாமே திறந்து, எழுதி, ஓட்டிப் பார்க்கும் அளவுக்கு வந்தன.

அதே ஆண்டு பிப்ரவரியில், ஓபன்ஏஐ நிறுவனத்தின் தொடக்க உறுப்பினர்களில் ஒருவரான ஆண்ட்ரே கர்பாத்தி இந்த வகை வேலைக்கு ஒரு பெயர் வைத்தார்: ‘வைப் கோடிங்’. வேண்டியதைச் சொல்வது, வந்த நிரலைப் படிக்காமலே ஏற்றுக்கொள்வது, பிழைச் செய்தி வந்தால் அதை அப்படியே திருப்பி ஒட்டுவது. வார இறுதியில் விளையாட்டாகச் செய்து தூக்கிப் போடும் வேலைகளுக்கு இது மோசமில்லை என்றும் அவரே சொல்லியிருந்தார். பெயர் பரவிய வேகத்தில் அந்த எச்சரிக்கை பின்தங்கிவிட்டது. காலின்ஸ் அகராதி 2025-ஆம் ஆண்டின் சொல்லாக அதைத் தேர்ந்தெடுத்தது.

அடுத்த துண்டு எது?

இந்தக் கருவிகளின் உள்ளே என்னதான் நடக்கிறது? மொழி மாதிரி என்பது அடுத்து வரக்கூடிய துண்டை ஊகிக்கும் கணித அமைப்பு. நாம் எழுதுவதை அது ‘டோக்கன்’ என்ற சிறு துண்டுகளாக வெட்டிக்கொள்கிறது. இதுவரை வந்த துண்டுகளைப் பார்த்து, அடுத்து எந்தத் துண்டு வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுகிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கிறது. மறுபடி கணக்கிடுகிறது. கோடிக்கணக்கான பக்கங்களும் பொதுவெளியில் இருக்கும் ஏராளமான நிரல்களும் அதற்குப் பயிற்சிப் பாடம். தேர்வில் வாய்ப்பின் பங்கு இருப்பதால், ஒரே கோரிக்கையை இரண்டு நாள் கொடுத்தால் இரண்டு விதமான நிரல் வரலாம்.

இந்தத் துண்டுக் கணக்கில் தமிழ் நெடுநாள் நஷ்டப்பட்டது. யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட வெட்டுக் கருவிகள் தமிழைப் பொடிப்பொடியாக நறுக்கின. 2024 மே மாதம் ஓபன்ஏஐ தன் ஜிபிடி-4ஓ மாதிரியை அறிவித்தபோது காட்டிய எடுத்துக்காட்டில், முன்பு 116 துண்டாக வெட்டப்பட்ட தமிழ் வாசகம் புதிய முறையில் 35 துண்டாகக் குறைந்திருந்தது. தமிழில் கேட்டு வேலை வாங்குவது இன்று முன்பைவிட மலிவாகவும் எளிதாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

கவிதையைவிட நிரலில் இந்த இயந்திரங்கள் தேறியதற்கும் காரணம் உண்டு. கவிதை நன்றாக இருக்கிறதா என்று இயந்திரம் சோதிக்க முடியாது. நிரல் ஓடுகிறதா என்று சோதிக்க முடியும். பயிற்சியின்போதே நிரலை ஓட்டி, சரியான விடை வந்தால் ஊக்கம், வராவிட்டால் திருத்தம் என்று பழக்கலாம். பயன்பாட்டிலும் அதே சுற்றுதான்: எழுதும், ஓட்டும், பிழைச் செய்தியைப் படிக்கும், திருத்தும், மறுபடி ஓட்டும். அலுப்பே கிடையாது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் வைக்க வேண்டும். “இந்த 40 தொகையையும் கூட்டிச் சொல்” என்று உரையாடலிலேயே கேட்டால், விடையும் ஊகமாக வரக்கூடும். “கூட்டுவதற்கு ஒரு நிரல் எழுதிக் கொடு” என்று கேட்டால், ஊகம் நிரலை எழுதுவதோடு நின்றுவிடுகிறது. எழுதி முடித்த நிரல் ஊகிக்காது. இன்று எப்படிக் கூட்டியதோ அப்படியே நாளையும் கூட்டும். தப்பாகக் கூட்டினாலும் தினமும் ஒரே மாதிரி தப்பாகக் கூட்டும். அதனால் பிழையைப் பிடிக்க முடியும்; ஒருமுறை திருத்தினால் போதும்.

கழித்தல் தெரியும், மொய் தெரியாது

முதல் ஞாயிறு அம்மா நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல 20 பதிவுகளை ஏற்றினேன். கீரமங்கலத்து மாமா நமக்கு 1,000 ரூபாய் செய்திருக்கிறார். நாம் பிறகு 1,500 திருப்பியிருக்கிறோம். செயலி அவர் பெயருக்கு எதிரே பச்சை நிறத்தில் ‘கணக்கு முடிந்தது’ என்று காட்டி, பாக்கிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. கடன் வாங்கியவர் அசலுக்கு மேலேயே கட்டிவிட்டார், வேறென்ன பாக்கி என்பது அதன் நியாயம். வங்கிக் கணக்கில் அது சரி.

அம்மா சிரித்துவிட்டார். “முடிஞ்சா எதுக்கு ஐந்நூறு மேல வைக்கிறோம்? அது நாம புதுசா செஞ்சது. அடுத்த தடவை அவுக செய்யணும்.” மொய்யில் மிகுதித் தொகை என்பது அடுத்த கணக்கின் தொடக்கம். நேருக்கு நேர் சமமாக நிற்கும் கணக்குத்தான் முடிந்த கணக்கு. கழித்தலில் பிழை இல்லை. கழித்து வந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதில்தான் பிழை.

அடுத்து மோதிரம். ஆவணம் ஊர்ப் பெரியம்மா அக்கா கல்யாணத்துக்கு அரைப் பவுன் மோதிரம் போட்டார். செயலியில் தொகைக் கட்டம் மட்டும் இருந்தது. “தங்கமும் உண்டு” என்றேன். தானாக ஒரு விலை வைத்து, அரைப் பவுனை ரூபாயாக மாற்றி மொத்தத்தில் சேர்த்துவிட்டது. எங்கள் பக்கத்து வழக்கப்படி அரைப் பவுனுக்கு அரைப் பவுன்தான். பவுன் என்றால் 8 கிராம். விலை ஏறினாலும் இறங்கினாலும் 4 கிராம் 4 கிராம்தான். எந்த வருடத்து விலை என்ற கேள்விக்கே அதில் இடமில்லை.

மூன்றாவது பிழையை எந்த நோட்டைப் பார்த்தும் கண்டுபிடித்திருக்க முடியாது. முதல் நோட்டில் தாத்தா காலத்துப் பதிவுகள் சில இருந்தன. அவற்றை ஏற்றப் போனபோது அம்மா கையைத் தடுத்தார். “அது சித்தப்பா பங்குக்குப் போனதுப்பா.” குடும்பம் பிரிந்தபோது நிலத்தைப் போலவே மொய்க் கடமைகளையும் அப்பாவும் சித்தப்பாவும் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கும் எழுதி வைக்கவில்லை. அம்மாவின் ஞாபகத்தில் மட்டும் இருந்தது.

அன்று என் முறையை மாற்றினேன். செயலியைக் கேட்காமல், “நிரல் எழுதுவதற்கு முன்னால் உனக்குத் தெரியாதவற்றை என்னிடம் கேள்” என்று எழுதினேன். வரிசையாகக் கேள்விகள் வந்தன. ஒரே பெயரில் இருவர் இருந்தால் என்ன செய்வது? கணவர் இறந்துவிட்டால் கணக்கு யார் பெயருக்குப் போகும்? பொருளாக வந்தால் எப்படி எழுதுவது? நான் முழித்த கேள்விகளுக்கெல்லாம் அம்மா பதில் வைத்திருந்தார். எங்கள் செயலிக்கு உண்மையான நிரலாளர் யார் என்று அப்போது புரிந்தது.

நெதர்லாந்துக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1970-களின் இறுதியிலேயே, இயல்பு மொழியில் நிரலெழுதும் கனவு முட்டாள்தனமானது என்று ஒரு கட்டுரை எழுதினார். பேச்சுமொழியில் ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருக்கும், குறியீட்டு மொழியின் கறார்தான் அதன் பலம் என்பது அவர் வாதம். இன்றைய கருவிகளைப் பார்த்து அவர் தோற்றுவிட்டார் என்று சொல்லத் தோன்றலாம். ‘பாக்கி’ என்ற ஒரு சொல் என் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றதை வைத்துப் பார்த்தால், அவர் பாதியாவது ஜெயித்திருக்கிறார்.

பவானி, பழனி, பள்ளத்தூர்

இரண்டாவது ஞாயிறு ஊர்ப் பட்டியலில் கழிந்தது. அகரவரிசையில் அடுக்கச் சொல்லியிருந்தேன். பள்ளத்தூர், பழனி, பவானி என்று வந்தது. நாம் பள்ளியில் படித்தது ய, ர, ல, வ, ழ, ள. அதன்படி பவானி முதலிலும் பள்ளத்தூர் கடைசியிலும் வர வேண்டும். வரிசை தலைகீழாக நின்றது.

காரணம் யூனிகோட் அட்டவணை. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த அட்டவணையில் ‘ள’, ‘ழ’, ‘வ’ என்ற வரிசையில்தான் எண்கள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. ‘ந’வுக்கு அடுத்து ‘ன’ இருக்கும்; ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் நடுவே ‘ஜ’ இருக்கும். எண் வரிசையில் அடுக்கினால் தமிழ் அகரவரிசை வராது. தமிழ் முறைப்படி அடுக்கும் வசதி உலாவிக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்து என்று சொன்னதும் ஒரே வரியில் திருத்தம் முடிந்தது. ஆனால் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முதலில் கண்ணில் பட வேண்டும். தமிழ் படிக்காத ஒருவர் அந்தப் பட்டியலைப் பார்த்து, நேர்த்தியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டிருப்பார்.

இதைவிடச் சுவையானது ‘மொய்’ என்ற சொல்லே செய்த வம்பு. தேடலில் சில பதிவுகள் அகப்படவில்லை. கண்ணுக்கு எழுத்து அப்படியே இருந்தது. ‘மொ’ என்பதைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ‘ம’வோடு ஒற்றைக் குறியாக ‘ொ’ சேர்ந்தால் ஒரு விதம், ‘ம’வோடு ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகச் சேர்ந்தால் இன்னொரு விதம். முதல் விதத்தில் ‘மொய்’ என்பது 4 குறியீடுகள், இரண்டாவதில் 5. திரையில் வித்தியாசமே தெரியாது. தேடுகிற நிரலுக்கோ இரண்டும் வேறு வேறு சொற்கள். எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு தேட வேண்டும் என்பது இதற்கு வைத்தியம். இதையும் கேட்டால் ஏஐ உடனே செய்து கொடுக்கிறது.

சின்னச் சின்ன அயல்வாசனைகளும் இருந்தன. லட்ச ரூபாயை 1,00,000 என்று எழுதாமல் 100,000 என்று காட்டியது. 03/04 என்று நான் எழுதிய ஏப்ரல் 3, அமெரிக்க வழக்கப்படி மார்ச் 4 ஆனது. பயிற்சிப் பாடத்தில் எந்த ஊர் வழக்கம் அதிகமோ அந்த ஊர்க்காரரைப் போல அது நடந்துகொள்ளும்.

துடைத்துப் போன 140 பதிவுகள்

மூன்றாவது வாரம் 140 பதிவுகள் ஏறியிருந்தன. தங்கை மகன், கணினியில் இடமில்லை என்று உலாவியைச் சுத்தம் செய்தான். நான் கேட்காத ஒன்றை ஏஐ எளிதான வழியில் முடித்திருந்தது: பதிவுகள் எல்லாம் உலாவியின் உள் சேமிப்பில் மட்டும் இருந்தன. உலாவியைத் துடைத்தால் அவையும் போகும். பையனைத் திட்டி என்ன பயன்? “தகவல் எங்கே சேமிக்கப்படுகிறது?” என்ற கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டியவன் நான். இப்போது வாரம் ஒருமுறை எல்லாப் பதிவும் தனிக் கோப்பாக இறங்கி, பென்டிரைவிலும் ஒரு பிரதி இருக்கிறது.

என் நஷ்டம் சிறியது. 2025 ஜூலையில் அமெரிக்கத் தொழில்முனைவோர் ஒருவர், எதையும் தொடாதே என்று பலமுறை சொல்லியிருந்தும், ஏஐ முகவர் அவருடைய நேரடித் தரவுத்தளத்தை அழித்துவிட்ட செய்தி உலகம் முழுதும் பேசப்பட்டது. ‘தொடாதே’ என்று எழுதிக் கொடுப்பது பூட்டு ஆகாது. அழிக்கும் அதிகாரத்தையே கொடுக்காமல் இருப்பதுதான் பூட்டு.

இல்லாததை இருப்பதாகச் சொல்லும் பழக்கமும் நிரலில் தொடர்கிறது. பிறர் எழுதிப் பொதுவில் வைத்த நிரல் பொதிகளை எடுத்துப் பயன்படுத்துவது மென்பொருள் உலகின் வழக்கம். 16 மாதிரிகளைக் கொண்டு 5,76,000 நிரல் துண்டுகளை எழுதவைத்துச் சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வில், பரிந்துரைக்கப்பட்ட பொதிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று உலகத்திலேயே இல்லாதது. அந்த இல்லாத பெயரில் ஒருவர் விஷப் பொதியைத் தயாரித்து வைத்துக் காத்திருக்கலாம். வீட்டு உபயோகத்துக்குச் செய்கிறவர்களுக்கு நல்ல வழி, வெளிப் பொதி எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது. எங்கள் செயலி ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு. இணையமே இல்லாமல் ஓடும். உறவினர்களின் பெயரும் தொகையும் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. நிரல் எழுதச் சொல்லும்போதும் உண்மையான பதிவுகளைக் கொடுக்காமல், கற்பனைப் பெயர்களில் 10 வரிகளை மாதிரியாகக் கொடுத்தேன்.

வீட்டுச் சமையல்

நாவலாசிரியர் ராபின் ஸ்லோன் 2020-இல் ஒரு கட்டுரை எழுதினார். குடும்பத்தினருக்குள் சிறு காணொளிகளைப் பகிரத் தானே ஒரு செயலி செய்துகொண்டார். பயனர்கள் மொத்தம் 4 பேர். செயலியும் வீட்டுச் சமையல் மாதிரி இருக்கலாம் என்பது அவர் கருத்து. அதற்கும் முன்பே, 2004-இல் கிளே ஷிர்கி, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் தன் மாணவர்கள் சில டஜன் பேருக்காகச் செய்த மென்பொருள்களைப் பற்றி எழுதியிருந்தார். லட்சம் பேருக்குச் செய்யும்போது எழும் பல சிக்கல்கள் சிறு கூட்டத்துக்குச் செய்யும்போது எழுவதில்லை. கடவுச்சொல் வேண்டாம், விளம்பரம் வேண்டாம். எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். இருவரும் ஏஐ கருவிகள் வருவதற்கு முன்பே சொன்னது இது. அப்போது நிரல் தெரிந்தவர் மட்டுமே அந்த அடுப்பைப் பற்றவைக்க முடிந்தது.

வீட்டில் சமைப்பவர் ஓட்டல் நடத்த முடியும் என்று பொருளில்லை. மீட்டர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு 2025-இல் அனுபவம் மிக்க 16 நிரலாளர்களிடம், அவர்கள் நன்கறிந்த பெரிய திட்டங்களில் 246 வேலைகளைக் கொடுத்துச் சோதித்தது. ஏஐ உதவியோடு செய்த வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. வேலை முடிந்த பிறகும் அவர்கள், தாங்கள் 20 சதவீதம் வேகமாகச் செய்ததாகவே நம்பினார்கள். அது 2025 தொடக்கத்துக் கருவிகளின் கதை. கருவிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் ‘வேகமாகப் போகிறோம்’ என்ற உணர்வை நம்பக் கூடாது என்ற பாடம் மாறாது. என் 10 நிமிடம் 3 வாரமானதை நானே நாட்குறிப்பைப் பார்த்துத்தான் கணக்கிட்டேன்.

தொடங்க நினைப்பவர்களுக்கு

முதல் வேலையாக, விடை உங்களுக்கு முன்பே தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் முறை, பிள்ளைக்கு வாய்பாடு விளையாட்டு என்று எதுவாகவும் இருக்கலாம். விடை தெரியாத துறையில் இறங்கினால், தப்பான விடையும் அழகான திரையில் வந்து நம்மை ஏமாற்றிவிடும். மருந்தின் அளவு, வருமான வரி, அடுத்தவர் பணம், அடுத்தவர் ரகசியம் ஆகியவற்றை இந்த அடுப்பில் ஏற்றாதீர்கள்.

கையால் போட்ட 10 கணக்குகளைத் தனித் தாளில் எழுதி வையுங்கள். ஏதாவது ஒரு மாற்றம் செய்யச் சொன்ன ஒவ்வொரு முறையும் அந்தப் பத்தையும் ஓட்டிப் பாருங்கள். ஒன்றைத் திருத்தும்போது இன்னொன்றைக் கெடுப்பது இக்கருவிகளுக்குச் சகஜம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் கேளுங்கள். நன்றாக ஓடும் நிலையைத் தேதி போட்டுத் தனிப் பிரதியாக எடுத்து வையுங்கள். வந்த நிரலில் புரியாத இடத்தை “இதைப் பத்தாம் வகுப்பு மாணவனுக்குச் சொல்வதுபோல் விளக்கு” என்று கேட்டால், பொறுமையான வாத்தியார் ஒருவரும் உங்களுக்குக் கிடைப்பார். எனக்குக் கல்லூரியில் புரியாத சில விஷயங்கள் இப்படித்தான் புரிந்தன.

எங்கள் வீட்டில் சோதனைக்குத் தனித் தாளே தேவைப்படவில்லை. மொய் நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை எழுதியிருக்கும். ஏற்றி முடித்த பக்கங்களைச் செயலி கூட்டியதும் நோட்டின் தொகையோடு ஒப்பிட்டோம். எல்லாப் பக்கமும் பொருந்தியது, ஒன்றைத் தவிர. 300 ரூபாய் இடித்தது. செயலியில்தான் பிழை என்று நான் நிரலைத் துருவிக்கொண்டிருந்தேன். அம்மா அந்தப் பக்கத்தை வாங்கி, விரல்விட்டு இரண்டு தடவை கூட்டினார். நோட்டில் இருந்த கூட்டல்தான் தப்பு. இத்தனை வருடமாக யாரும் பார்க்கவில்லை.

“எழுதுனது உங்க சித்தப்பா” என்றார். பேனாவை வாங்கி, பழைய தொகையை அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியான தொகையை எழுதினார். பிறகு நோட்டை பீரோவில் வைத்துப் பூட்டினார். செயலி வந்த பிறகும் நோட்டு அங்கேதான் இருக்கிறது. அங்கேதான் இருக்க வேண்டும்.